பூசை போட்ட கம்ப்யூட்டர்

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருந்த என் மாமா அந்தக் கம்ப்யூட்டரை எதற்கு வாங்கினார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. எழுத்துச் சாவிகளும் மூளையும் ஒரே பெட்டிக்குள். அதை டி.வி.யில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால், ஐந்து நிமிடம் கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டு வரும். ஒரு குட்டி விமானம் இடமிருந்து வலமாகப் பறந்துகொண்டே சுடும். மூன்றாம் கட்டத்தின் முடிவில் திரையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கப்பல் வரும். அதை மாமாகூட ஜெயித்ததில்லை. ஒன்பது வயதில் எனக்கு அந்தக் கப்பலைத் தவிர வேறு பகையாளி கிடையாது.

அந்த வருட ஆயுத பூசைக்குத் தராசு, மொபெட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மண்டிக்காரர் வீட்டில் மஞ்சளுக்குப் பஞ்சமா? மாமா சொம்பில் கெட்டியாகக் கரைத்து மாவிலையால் தாராளமாகத் தெளித்தார். பூசை போட்ட சாமானை மறுநாள்வரை தொடக் கூடாது. பிறகு எல்லோரும் பூசணிக்காய் உடைக்க மண்டிக்குக் கிளம்பினார்கள். நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன்.

சாவிகள் ஈரமாக இருந்தன. விரலைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து ஆடினேன். என்றும் இல்லாத அதிசயமாக என் விமானம் ஒருமுறைகூடச் சாகவில்லை. பெரிய கப்பல் வந்தது. சுட்டேன், சுட்டேன், அது சிவந்தது. இன்னும் இரண்டு குண்டுதான்.

'டப்' என்றது. திரை இருண்டது. சாவிகளின் இடுக்கிலிருந்து புகை கிளம்பியது. மாலைக்கு நடுவே படத்திலிருந்து சரஸ்வதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலைச் சுடப்போய்ச் சாமியைச் சுட்டுவிட்டேன் என்றே நம்பினேன்.

"பூச போட்ட சாமானத் தொட்டியாடி? சரசோதி சும்மா உடுவாளா?" என்று மண்டியிலிருந்து திரும்பிய அம்மா கையை ஓங்கினாள்.

மாமா பெட்டியைத் தூக்கிச் சாய்த்தார். அவர் உள்ளங்கையில் மஞ்சளாக என்னவோ சொட்டியது. அதையே பார்த்தவர், அவசரமாக வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"போச்சாது, போனாப் போவுது உடுக்கா. புள்ளைய அடிக்காத."

குற்றம் தீர வேண்டுமே என்று நானாகவே ஒரு வேண்டுதல் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம். கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்த பிறகும் விடவில்லை.

போன வருடப் பூசையில் என் மகள் தன் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மஞ்சத் தண்ணியா? உள்ள எறங்குனா பொகஞ்சு போயிரும்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். சொம்போடு நின்றவள் நின்றபடியே இருந்தேன். அன்று மாமாவின் உள்ளங்கையில் சொட்டிய மஞ்சள் நினைவுக்கு வந்தது.

மாமா கண்மூடி நாலு வருடமாகிறது. இருந்தவரை ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் இனிப்புப் பொட்டலத்தோடு வந்துவிடுவார். "ஒரு வாய் தின்னு சாமி, உம்மேல ஒரு குத்தமுமில்ல" என்று கண் கலங்கக் கெஞ்சுவார். எத்தனை பாசமான மாமா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.