டயரின் வெளிப்பக்கம்

என் கைபேசியில் யார் கூப்பிட்டாலும் எனக்குப் பெயர் தெரியாது, படம்தான் தெரியும். மருமகள் முத்துலட்சுமி ஆளுக்கொரு படம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அன்று காலை ஆத்தூரில் முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது டயர் படம் வந்தது. டயர்க் கடை அருள்மேரிதான் கூப்பிடுகிறார் என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "சொல்லு தங்கச்சி" என்றேன். பேசியது அவருடைய மகள்.

"மாமா, அம்மா போயிட்டாங்க. மூச்சு முட்டுதுன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே..."

தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போனது. போனால் போகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். "நீங்களும் அம்மாவப் பத்தி எழுதணும் மாமா" என்றாள் மகள். நான் எழுதுவதாவது! நான் சொல்லச் சொல்ல முத்துலட்சுமி எழுதுகிறாள். என் பேச்சுக்கு அவள் கொஞ்சம் இஸ்திரி போட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் என்னுடையது.

திண்டுக்கல் புறவழிச்சாலையில் அருள்மேரியின் வீட்டுக்காரர் தொடங்கிய கார் டயர்க் கடை அது. நான் அங்கே டயர் மாட்டுகிறவனாக இருந்தேன். வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போனதும், கடையை விற்றுவிட்டு மகளை வளர்க்கிற வழியைப் பார் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அருள்மேரி கேட்டுக்கொண்டார், மறுவாரம் வந்து ஷட்டரைத் தூக்கினார். முதலில் வந்த கார்க்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆளு யாரும் இல்லையாம்மா?" என்றார்.

"ஏன், என்னையப் பாத்தா ஆட்டுக்குட்டி மாதிரியா இருக்கு?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு வாங்காமல் போக முடியுமா?

வேகக் கார் வைத்திருக்கிறவர்கள் டயர் கேட்டு வந்தால் அருள்மேரி முதலில் விலை சொல்ல மாட்டார். மழைக்காலத்தில் எந்த வழியில் போகிறாய் என்றுதான் கேட்பார். சின்னாளப்பட்டிச் சேலை வியாபாரி மகன் ஒருவன் சிவப்புக் காரில் வந்தான். சனிக்கிழமையானால் கொடைக்கானல் போகிறவன். கம்பெனி போட்ட அளவு அவனுக்குப் பிடிக்கவில்லை, அகலமாக வேண்டுமாம்.

"அம்புட்டு அகலம் எதுக்கு அப்பு? உழவு ஓட்டப் போறியா?"

"கெத்தா இருக்கும்க்கா."

"வெயில்ல கெத்தா இருக்கும். தண்ணி நிக்கிற ரோட்டுல மெதக்கும்."

அவன் நம்பவில்லை. அருள்மேரி இரண்டு டயரைத் தரையில் நிறுத்தி, இரண்டின் மேலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். ஒன்றில் தண்ணீர் வரிகளுக்குள் புகுந்து விறுவிறுவென்று ஓடிப்போனது. பந்தயக் கார் டயர் மாதிரி வழுவழுவென்று இருந்த மற்றதில் அது மேலேயே மினுக்கிக்கொண்டு நின்றது.

"காரு எம்புட்டுப் பெருசா இருந்தாலும் ரோட்டப் புடிச்சிருக்கது நாலு உள்ளங்கை அகலந்தான். அதுக்கு அடியில தண்ணி பூந்துருச்சுன்னா ஸ்டியரிங் உன் கையில இருக்கும், காரு உன் பேச்சக் கேக்காது" என்றார். கம்பெனி சொன்ன அளவிலேயே, வரி ஆழமாக, ரப்பர் மிருதுவாக இருக்கிற டயரை எடுத்து வைத்தார். அவன் தானாக ஒரு செட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். அருள்மேரி அதில் போட்டிருந்த தயாரித்த வருசத்தைப் பார்த்துவிட்டு, "இது மூலையில கெடந்து இறுகிப்போச்சு. பாக்கத்தான் புதுசு. நனைஞ்ச ரோட்டுல வழுக்கும்" என்று அதை வாங்கி வைத்துவிட்டார்.

"உங்களுக்கு விக்கிற எண்ணம் இருக்காக்கா, இல்லையா?"

"இருக்குப்பா. அடுத்த செட்டும் உனக்கேதான் விக்கணும். அதுக்கு நீ இருக்கணும்ல?"

இதையெல்லாம் சொல்லி முடித்தால் மலருக்குப் போதும் என்றாள் முத்துலட்சுமி. நான் சொல்ல வந்தது இனிமேல்தான். அதைச் சொல்லத் தொடங்கியதும் அவள் பேனாவை நிறுத்திவிட்டாள். "மாமா, இதையுமா? நாலு பேரு படிப்பாகளே."

"படிக்கட்டும். எழுது தாயி."

பதினோரு வருசம் ஆகிறது. அது ஐப்பசி மாதம். சேவுகம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் நல்ல வேகமான காரொன்று வாங்கியிருந்தார். குடும்பத்தோடு போகிற கார், மழைக்கு நம்பிப் போகிற மாதிரி டயர் வேண்டும் என்றார். அருள்மேரி தேடி வரவழைத்துக் கொடுத்தது எங்கள் கடைக்குப் புது வகை. அதில் உள்பக்கம் ஒரு மாதிரி, வெளிப்பக்கம் வேறு மாதிரி. உள்பக்கத்தில் தண்ணீர் ஓட ஆழமான வரிகள். வெளிப்பக்கம் திருப்பத்தில் தாங்குவதற்காகக் கட்டை கட்டையாக இருக்கும். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று டயரின் இரண்டு பக்கத்திலும் இங்கிலீஷில் எழுதியிருக்கும். மற்ற மழை டயர்களில் சுற்றுகிற திசைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்பு எனக்கும் புரியும். இதில் அம்பு இல்லை.

டயர் மாட்டத் தோப்புக்காரர் வந்த அன்று, தன் மகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று அருள்மேரி ஓடிவிட்டார். தோப்புக்காரர் அவசரப்படுத்தினார். காரில் அவருடைய அம்மாவும் மனைவியும் இருந்தார்கள். நான் டயரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். தண்ணீர் வெளியே போகத்தானே வரி, அப்படியானால் ஆழமான வரி வெளியேதான் இருக்க வேண்டும் என்று என் புத்தி சொன்னது. நாலையும் அப்படியே மாட்டினேன். பக்கத்துக் கடையில் கேட்டிருக்கலாம், அந்தத் தோப்புக்காரரிடமே கேட்டிருக்கலாம். அத்தனை வருசம் டயர் மாட்டியவன், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படிக் கேட்பேன்? வெட்கம்.

கார் போய்க் கொஞ்ச நேரத்தில் அருள்மேரி திரும்பி வந்தார். மழை பிடித்துக்கொண்டது.

"அண்ணே, வெளிப்பக்கம்னு எழுத்து இருந்த பக்கத்த வெளிய வச்சுத்தான மாட்டுனீக?"

"ரெண்டு பக்கமும் எழுத்து இருந்துச்சே தாயி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தோப்புக்காரருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். ஷட்டரை இறக்கிவிட்டு, "வேன்ல ஏறுங்கண்ணே" என்றார்.

சேவுகம்பட்டி போகிற வழியில், செம்பட்டி தாண்டி ஒரு திருப்பத்தில் தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. கார் வயலுக்குள் இறங்கி வரப்பில் முட்டி நின்றது. தோப்புக்காரரின் அம்மா ஒரு கையை மறு கையால் தாங்கிக்கொண்டு அழுதார். மணிக்கட்டு ஒடிந்திருந்தது. அத்தனை தண்ணீரில் டயர் சரியாக இருந்தாலும் வழுக்கியிருக்கும் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம்.

தோப்புக்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் பாய்ந்தார். "உள்பக்கம்னு போட்டிருக்கது வெளிய தெரியுது! எவன்யா இத மாட்டுனது?"

நான் வாயைத் திறந்தேன். அருள்மேரி எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"நான்தாங்க பக்கத்த மாத்திச் சொல்லிட்டேன். அவரு மேல தப்பில்ல."

"பொம்பளைக்கு எதுக்கும்மா டயர்க் கடை? சோத்தப் பொங்கிட்டு வீட்டுல கெடக்க வேண்டியதுதான?"

அருள்மேரி அந்த அம்மாவைத் தாங்கி வேனில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிகிற வரைக்கும் கூட இருந்தார்.

திரும்பி வருகையில், "என்னையச் சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி" என்றேன்.

"சொல்லி? நாளைக்கு எந்தக் கடையில உங்களச் சேப்பாக? உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்கு மொத மாசமே தெரியும்ணே. தெரிஞ்சும் அந்த டயர உங்க கையில விட்டுட்டுப் போனேன்ல. தப்பு எனக்கும் இருக்கு."

அன்றிலிருந்து எந்தக் கார் கடையை விட்டுக் கிளம்பினாலும், முழங்கால் வலியோடு குனிந்து நாலு சக்கரத்தையும் தானே பார்த்து அனுப்பினார். என்ன பார்த்து என்ன? 'பக்கம் தெரியாத அம்மா' என்று கார் ஸ்டாண்டில் பெயர் வைத்துவிட்டார்கள். வாடகைக் கார்கள் வேறு கடைக்குப் போயின. இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். சிரித்தவர்களோடு டீக்கடையில் நானும் நின்றிருக்கிறேன். டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கிறேன். வேலையை விட்டு ஆத்தூருக்கு வந்த பிறகு, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்த வருசமாவது எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போவேன். "அதுக்கு இப்ப என்னண்ணே, கேக்கு எடுங்க" என்பார். நானும் கேக்கை எடுத்துக்கொள்வேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சேவுகம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். தோப்புக்காரரிடம், "அன்னைக்கு டயர மாத்தி மாட்டுனது நான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அருள்மேரி கடையிலேயே இல்ல" என்றேன். அவர் கையிலிருந்த தேங்காயைக் குவியலில் போட்டார்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் அவுகளத் திட்டுச்சு பெரியவரே. நானும் பாக்குற ஆளுக்கெல்லாம் சொன்னேன், அந்தக் கடைக்குப் போகாதீகன்னு. அவுக உசுரோட இருக்கையில நீங்க வந்திருந்தா, ஓடிப்போயி ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்ல மன்னிச்சுக்கங்கன்னு? இப்ப நான் யாருகிட்டப் போயிக் கேக்க?"

அவருடைய மனைவி கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அருள்மேரியின் படத்தை நீங்கள் மலரில் பார்ப்பீர்கள். என்னிடம் இருப்பது வேறு. அன்று செம்பட்டி ரோட்டில் எனக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் அவர் வந்து நின்றபோது, எனக்குத் தெரிந்தது மழையில் நனைந்த அவருடைய முதுகுதான். குளிரிலோ பயத்திலோ அது நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நகரவில்லை. அதன் மறைவில் பதினோரு வருசம் ஒளிந்திருந்தேன். இப்போது எனக்கு முன்னால் யாரும் இல்லை. முத்துலட்சுமி, என் பெயரை நன்றாகத் தெரிகிற மாதிரி எழுது.

டயரை மாற்றி மாட்டியவன், ஆத்தூர் கருப்பையா.