சிவப்புப் புள்ளி வைத்த பிள்ளைகள்

வேலம்மாவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் என் வண்டவாளம்தான் முதலில் வந்து நிற்கிறது. வரட்டும்.

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடம் நான் டிரஸ்ஸர். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மருந்துக்கும் ஊசிக்கும் கட்டுப் போடவும் நான்தான். தங்கராஜு என்ற என் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். டிரஸ்ஸரையா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த 'ஐயா' என் தலைக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

வேலம்மா கொழுந்து எடுக்கிறவள். புருஷன் லோரி கவிழ்ந்து செத்துப்போன பிறகு ஒரே மகள் ஜெயாவோடு மூன்றாம் லைன் வீட்டு வரிசையில் இருந்தாள். மகளிடம் பேசினாலும் லைன் முழுக்கக் கேட்கும் அவள் குரல். இவளுக்கு என்ன இவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொள்வேன்.

எழுபத்து நாலில் ஜெயாவுக்கு மூன்று வயது. மூச்சிளைப்பு என்று தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தாள். பிறகு காதில் சீழ் என்று வந்தாள். பிறகு வலிப்பு. எந்த நோய்க்கு எத்தனை பேர் என்று மாதக் கடைசியில் ஆபீசில் கேட்பார்கள் என்பதால் நோய்க்கு ஒரு புத்தகம் வைத்திருந்தேன். வந்த நோயை அதனதன் புத்தகத்தில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். ஒரே பிள்ளை மூன்று புத்தகத்திலும் இருக்கிறாளே என்று ஒருநாளாவது சேர்த்துப் பார்த்திருப்பேனா? இல்லை.

பிள்ளைக்கு முடியவில்லையென்றால் தாய் வீட்டிலிருக்க நான் சீட்டுத் தரவேண்டும். சீட்டில்லாமல் காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது காணோமென்றால் கங்காணி பெயரை அடித்துவிடுவார். நான் சீட்டை லேசில் தரமாட்டேன். அடிக்கடி வருகிற தாய்மார் வேலைக்குக் கள்ளம் போடுகிறார்கள் என்பது என் கண்டுபிடிப்பு. அப்படிப்பட்டவர்களின் பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைப்பேன். அதன் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஜெயாவுக்கு மூன்று புத்தகத்திலும் புள்ளி.

எண்பத்தொன்றில் ஒரு மழை நாள். மருந்துக்கு நின்றவர்கள் எல்லோருக்கும் முன்னால் அவளைக் கேட்டேன்.

"பிள்ளையச் சாக்கு வச்சு எத்தன நாளைக்கு வீட்டுல படுத்துக்குவ? கொழுந்த நானா போய் எடுக்கிறது?"

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் நறுக்கென்று கேட்டுவிட்ட சந்தோஷம். வேலம்மா ஜெயாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு டிஸ்பென்சரிப் பக்கம் வரவே இல்லை. தொல்லை விட்டது என்றிருந்தேன்.

எண்பத்து மூன்றில் கோலாலம்பூரிலிருந்து டாக்டர் ஷரீஃபா வந்தார். ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று நோய் வருடக்கணக்கில் சேர்ந்திருந்தால் என்ன ஆகிறது என்று ஆராய்ச்சி. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழைய புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நோயோடு இருக்கிற பிள்ளைகளை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்திருந்தார். பிள்ளைக்கு ஒரு அட்டை. நான் புத்தகங்களைப் படிக்கப் படிக்க அவர் அட்டையில் எழுதினார். ஜெயாவுக்கு ஒரு அட்டை போதாமல் இன்னொன்றைச் சேர்த்துக் குத்தினார். இளைப்பு நாற்பத்தொரு தடவை, காதுச் சீழ் இருபத்தெட்டு, வலிப்பு ஒன்பது. எல்லாம் என் கையெழுத்து.

"இந்தச் சிவப்புப் புள்ளி என்னது, மிஸ்டர் தங்கராஜு?"

"குணமாயிட்டுன்னு அர்த்தம், டாக்டர்." யோசிக்காமலே வந்துவிட்டது.

"அதான் எண்பத்தொண்ணுக்குப் பிறகு பேரே இல்ல. நல்லாயிட்டா போலிருக்கு."

சிரித்தபடி ஜெயாவின் அட்டையைக் குணமானவர்களின் அட்டைக் கட்டோடு சேர்த்தார். புள்ளி வைத்த மற்ற பிள்ளைகளின் அட்டைகளும் அங்கேயே போயின. மொத்தம் இருபத்தாறு. புத்தகங்களை அடுக்கித் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் ஊருக்குப் புறப்படுகிறார் என்று தெரிந்து முதல் பஸ்ஸில் அவர் தங்கியிருந்த தானா ராத்தாவுக்கு ஓடினேன். டாக்சியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். அந்தப் பிள்ளைங்கதான் ரொம்ப அடிக்கடி வந்ததுங்க. அம்மாமாருங்க லீவுக்காக நடிக்கிறாங்கன்னு நெனச்சுப் புள்ளி வச்சேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டியைத் திறந்து அந்தக் கட்டைத் தனியே எடுத்து வைத்தார்.

"அப்ப என் பட்டியல்ல முதல் ஆளுங்களே இவங்கதான். இருபத்தாறு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் முதலில் மூன்றாம் லைனுக்குப் போனேன். வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜெயா பயிற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது, பார்த்தால் எட்டு என்றுதான் சொல்லலாம். "ஜெயா" என்றேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. வேலம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"நான் லீவு ஒண்ணும் போடல லா, டிரஸ்ஸரையா. வலிப்பு வந்த நாள்ல கூட பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டு வேலைக்குத்தான் போனேன். வேணும்னா கங்காணியக் கேளுங்க."

ஈப்போ, திங்கட்கிழமை, டாக்டர் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். நான் அன்றைக்குப் பேசினது தப்பு என்றும் சொன்னேன். அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஓடிப்போய் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, காதோடு வாயை வைத்து, லைன் முழுக்கக் கேட்கிற அந்தக் குரலில் கத்தினாள்.

"டிரஸ்ஸரையா வந்திருக்காரு! கும்பிடு!"

ஜெயா பயிற்றங்காயை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். திருப்பிக் கும்பிட எனக்குக் கை எழவில்லை.