மீரான் காக்காவின் மரப்பெட்டிச் சோறு

முக்கூடலில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "வாப்பா மௌத்தாயிட்டாங்க. மாரடைப்பு. சாயங்காலம் அடக்கம்" என்றார் மீரான் காக்காவின் மகன். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் அழைத்தேன்.

துபாயில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில்தான் அவரை முதலில் கண்டேன். நான் சோறு வடிப்பவன். அவர் அழுத்து சுஷி செய்பவர். அடிப்பலகையும் மூடியும் தனித்தனியாகக் கழன்று வரும் சிறு மரப்பெட்டியைத் தண்ணீரில் நனைப்பார். வினிகரும் சர்க்கரையும் கலந்த சோற்றைப் பரப்பி, மேலே மீன் துண்டுகளை அடுக்கி, மூடியை இரு கைகளாலும் அழுத்துவார். சட்டத்தை உருவினால் சோறு விளிம்பு உதிராமல் நிற்கும்.

"பைய அழுத்தணும் வே. இறுக்குனா களியாயிரும், விட்டா உதிந்துரும்" என்பார்.

விருந்தினர் முன்னால் நிற்பதற்கு மேலாளர் வேறொருவரை வைத்திருந்தார். ஜப்பானியரைப் போன்ற முகம். காக்கா செய்ததை வெட்டித் தட்டில் வைப்பது மட்டுமே அவர் வேலை. எல்லோரும் அவரோடுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் கொதித்தேன்.

"செய்யுதது நாம. நிக்கதுக்கு வேற மூஞ்சி வேணுங்காங்க" என்றார் காக்கா. "ஊருக்குப் போயி நம்ம பேர்ல கடை போடுவோம் வே."

சொன்னபடியே பாளையங்கோட்டையில் கடை போட்டார். நானும் கூட்டுச் சேர்ந்தேன். பூவரச மரத்தில் ஆசாரியிடம் புதுப் பெட்டிகள் செய்து வாங்கினார். "நம்ம வெயிலுக்குப் பச்சை மீன் ஆகாது" என்று, ஆவியில் வேகவைத்த மீனை மட்டுமே வைத்தார். பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி நின்று அழுத்தினார். அப்போது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தைத் துபாயில் நான் பார்த்ததேயில்லை.

ஒரு வருடம் நன்றாக நடந்தது. பிறகு, எங்களிடம் சாப்பிட்டுப்போன ஒருவருக்கு மறுநாள் வாந்தி. பச்சை மீன் போட்டு ஆளைக் கொல்கிறார்கள் என்று ஒருவன் கடை வாசலில் நின்று காணொளி எடுத்துப் பரப்பினான். அதிகாரிகள் வந்து சோதித்துக் குற்றமில்லை என்றார்கள். வாந்திக்குக் காரணம் வேறொரு விருந்துச் சாப்பாடு என்றும் தெரிந்தது. அதை யாரும் பரப்பவில்லை. காணொளி எடுத்தவனைக் காக்கா நேரில் போய்ப் பார்த்தார். நானும் உடன் சென்றேன்.

"தப்புன்னு தெரியுது அண்ணாச்சி. இப்ப அதை எடுத்தா என்னைய எவன் நம்புவான்?" என்றான் அவன்.

ஆட்கள் வருவது நின்றுபோய்க் கடையை மூடினோம். காக்கா திருச்செந்தூரில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் இட்லி அவிக்கப் போனார். ஒருமுறை பார்க்கப் போனேன்.

"முன்னால நின்ன அந்த ஒரு வருஷம் போதும்னு நெனச்சுக்கிடுதேன்" என்றார். இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, "பொய் சொல்லுதேன் வே. போதல" என்றார்.

காயல்பட்டினத்தில் அடக்கத்தின்போது என்னருகே நின்றவர் மெல்லக் கேட்டார்: "அந்தப் பச்சை மீனத் தின்னுதான் இப்படி ஆயிட்டோ?"

"அது வேகவச்ச மீன்" என்றேன். அவர் அதற்குள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

மூன்று பிடி மண் போட்டுவிட்டு விலகி நின்றேன். போய் வாருங்கள், காக்கா. உங்களுக்கு நல்ல இடம் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இந்த ஊருக்காக எதையும் வேண்ட எனக்கு மனம் வரவில்லை.