மாயாண்டி கண்டுபிடித்த தெரு

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் என்று ஒரு சீமை. அங்கே கடலோரத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம். அந்தக் கிராமத்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் யார் வீட்டு வாசலில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மானாமதுரைக்காரன் மாயாண்டியைக் கேட்டால் சொல்வான். துபாயில் அல் குசைஸைத் தாண்டி அதிகம் போகாத ஆள். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். பக்கத்து நாற்காலியில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான்.

கீழக்கரை செய்கு முகம்மது பாய் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோ அது. நாங்கள் இரண்டு பேர்தான் வேலைக்கு. விசாவுக்குப் படம் எடுப்போம், கம்ப்யூட்டரில் கோட்டும் டையும் ஒட்டிக் கொடுப்போம். சைட்டிலிருந்து சிமெண்டுத் தூசியோடு வருகிறவன் பத்து நிமிஷத்தில் படத்தில் மேனேஜராகிவிடுவான். அந்த வேலையில் மாயாண்டியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ரூமிலும் ஒரே அடுக்குக் கட்டில், அவன் கீழே, நான் மேலே. என் அப்பா இறந்த தகவல் வந்தபோது பாயிடம் பேசி லீவு வாங்கிக் கொடுத்து, என் டூட்டியையும் சேர்த்துப் பார்த்தவன் அவன்.

2003-இல் ஹார்ட்லி என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் நான்கு ஆல்பங்களோடு வந்தார். எல்லாம் அவருடைய தாத்தா எடுத்த படங்கள். ஸ்கேன் செய்து, கீறலும் பூஞ்சையும் நீக்கித் தர வேண்டும், புத்தகம் போடப் போகிறேன் என்றார். பாய் அதை மாயாண்டியிடம் கொடுத்தார்.

சிப்பியை உடைத்துத் தூண்டிலில் இரை கோக்கும் பெண்கள், தெருவுக்குக் குறுக்கே கொடி கட்டிக் காயும் துணிகள், முதுகு கொடுத்துப் படகைத் தள்ளும் ஆண்கள். ராஜா ராணி ஒருத்தரும் இல்லை, எல்லாம் நம்மைப் போல உழைக்கிற சனம். மாயாண்டி அவர்களுக்கெல்லாம் பேர் வைத்தான். ஒரு விரல் இல்லாத பெண்ணுக்குக் கருப்பாயி என்று பேர். இன்றைக்குக் கருப்பாயி கன்னத்தில் மூன்று கீறல் எடுத்தேன் என்பான். வெள்ளைக்காரி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டதை உன் பெண்டாட்டிக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா என்று நான் வம்பிழுப்பேன்.

மூன்றாவது ஆல்பம் ஏதோ வேறு ஊர் என்றுதான் ஹார்ட்லி நினைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாளிலும் ஸ்டூடியோவைத் திறந்து உட்கார்ந்திருந்த மாயாண்டி, அந்தப் படங்களில் ஆண்களின் கோட்டுப் பித்தான் பக்கம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டான். நாள் முழுக்கக் கோட்டு ஒட்டுகிறவன் கண்ணுக்குத்தான் அது தெரியும். தாத்தா காலத்திலேயே கண்ணாடி நெகட்டிவைப் பக்கம் மாற்றி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். படத்தை இடவலமாகத் திருப்பினான். மற்ற ஆல்பங்களில் பார்த்த அதே தெரு, அதே சந்து, வாசலில் கருப்பாயி.

மறுநாள் ஹார்ட்லி வந்து பார்த்தார். அவருடைய பாட்டி பிறந்த வீடு அந்தத் தெருவில்தானாம். அந்த வீட்டுக்கு ஒரு படம்கூட மிஞ்சவில்லை என்றே இத்தனை காலம் நம்பியிருந்தாராம். கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. மாயாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கி, புத்தகத்தில் உன் பேர் வரும், இது என் வாக்கு என்றார். நான் சாட்சி.

அதற்கப்புறம் மாயாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆங்கிலத்தில் தன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதி ஹார்ட்லியிடம் கொடுத்தான். பெண்டாட்டி கனகாவுக்குப் போனில் சொன்னான், அவள் தெரு முழுக்கச் சொன்னாள். வேலை முடியட்டும் என்று லீவைத் தள்ளிப்போட்டான். மகள் ஜோதிமணியின் காதுகுத்து அவன் இல்லாமலே நடந்தது. புத்தகம் வந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இனிச் சொல்லப்போவது என் யோக்கியதை.

ஹார்ட்லி ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு மதியம் வந்தார். மாயாண்டி லேபர் கார்டு விஷயமாக வெளியே போயிருந்தான். புத்தகத்தின் பின்னட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்றார். நான் முன்பு எடுத்த படம் ஒன்று இருந்தது. ஹார்ட்லி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் மாயாண்டி நாற்காலியில் கை வைத்து நிற்கிறான். அவருக்கு அதில் தன் முகம் பிடித்துப்போயிற்று. பதிப்பாளர் ஆசிரியரை மட்டும்தான் கேட்கிறார், பின்னால் இருப்பவரை எடுத்துவிட முடியுமா என்றார். பாய் என்னைப் பார்த்தார்.

மாயாண்டி வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபது நிமிஷ வேலை. முதலில் தலை, அப்புறம் சட்டை, கடைசியில் நாற்காலி மேலிருந்த கை. பேர்தான் உள்ளே வரப்போகிறதே, படம் போனால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மாயாண்டியிடம் மூச்சு விடவில்லை.

2005 அக்டோபரில் புத்தகம் தபாலில் வந்தது. மாயாண்டி கை கழுவிவிட்டு வந்து வாங்கினான். நன்றி சொல்லும் பக்கத்தில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். மனைவி பேர் இருந்தது, பாதிரியார் பேர் இருந்தது, வீட்டு நாயின் பேர்கூட இருந்தது. மாயாண்டி இல்லை. திருப்பிப் போட்ட தெருப் படத்துக்குக் கீழே, பித்தான் பக்கம் மாறியிருந்ததை ஒரு நாள் தற்செயலாக நான் கவனித்தேன் என்று ஹார்ட்லி எழுதியிருந்தார்.

எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. நன்றி கெட்டவன், போன் நம்பரைக் கொடுங்கள், நான் கேட்கிறேன் என்று பாயிடம் குதித்தேன். மாயாண்டி பின்னட்டையைத் திருப்பினான். ரொம்ப நேரம் பார்த்தான். படத்திலிருந்த நாற்காலியின் மேல் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான்.

"இது உன் வேலைதானே, கோபாலு?"

பாய் சொன்னார், ஹார்ட்லி அவசரம் என்றார் என்று என்னவோ உளறினேன்.

"வெள்ளைக்காரன் ஊருக்குப் போனான், மறந்துட்டான். அதைத் தாங்கிக்கிருவேன். நீ மறந்தா செஞ்சே? என் மூஞ்சியப் பெருசு பண்ணி, பாத்துப் பாத்துல்ல அழிச்சிருக்கே."

அவன் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, வெளியே காத்திருந்த ஆளை விசா படத்துக்கு உள்ளே கூப்பிட்டான். மறுநாள் வேறு ரூமுக்கு மாறிப் போனான்.

அதன் பிறகும் மூன்று வருஷம் என் பக்கத்து நாற்காலியில்தான் வேலை செய்தான். பேப்பர் வேண்டும், லைட்டைப் போடு என்று தேவையானதைப் பேசுவான். ஒரு தடவைகூட என் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.