கடைசி இரண்டடி

"அக்டோபர், இரண்டாம் சனிக்கிழமை. காலை 6.10க்கு ஆட்டம். புல்லில் ஈரம். மூன்றாவது குழியில் இரண்டடி பாக்கி. கொடுத்தார்."

என் கோல்ஃப் குறிப்பேட்டில் 'கொடுத்தார்' என்ற சொல் முதன்முதலாக வருவது இங்கேதான்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஒட்ட வெட்டிய புல்தரையில் பந்தைத் தட்டி உருட்டிக் குழியில் விழவைப்பதற்குப் பட்டிங் என்று பெயர். பந்து குழிக்கு அருகில் வந்து நின்றுவிட்டால், எதிராளி பெருந்தன்மையாக "எடுத்துக்கோங்க" என்று சொல்லலாம். சொல்லிவிட்டால், அடிக்காமலேயே குழியில் விழுந்ததாகக் கணக்கு. சொல்வதும் சொல்லாததும் முழுக்க அவர் இஷ்டம்.

என் எதிராளி சேலையூரில் எங்களுக்கு அடுத்த தெரு. என்னைவிட நான்கு வயது இளையவர். இருந்தாலும் இருவரும் ஒருவரையொருவர் சார் என்றே அழைத்துக்கொள்வோம். ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அவர் காரில்தான் தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஒன்பது குழி மைதானத்துக்குப் போய்வருகிறோம். போய்வந்தோம் என்று திருத்திக்கொள்கிறேன்.

என் ஆட்டத்தில் மோசமானது பட்டிங். அதைச் சரிசெய்வது என்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தேன். வீட்டுக் கூடத்தில் டைல்ஸ் இடைவெளிக் கோட்டின்மேல் பந்தை வைத்து, கோடு பிசகாமல் உருட்டிப் பழகினேன். மட்டையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, பந்து போன பிறகும் தலை நிமிரக் கூடாது, தூரத்துக்குத் தக்கபடி மட்டை பின்னால் போகவேண்டும், வேகம் கூட்டக் கூடாது.

"டைல்ஸ் போட்டவன் கோணலா போட்டிருந்தா உங்க ஆட்டமும் கோணலாயிடுமே" என்றாள் மனைவி.

நூல் பிடித்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

பலன் தெரிந்தது. முப்பதடியிலிருந்து உருட்டினால் பந்து குழியருகே போய் நின்றது. "உங்க பந்து இப்பல்லாம் வீட்டுக்கு வழி தெரிஞ்ச மாதிரி போவுது சார். எடுத்துக்கோங்க, இதையெல்லாம் போய் போட்டுக்கிட்டு" என்பார் அவர். நானும் குனிந்து எடுத்துக்கொள்வேன். மூன்றடியைக்கூடக் கொடுத்தார். அதை நான் சலுகையாக நினைக்கவில்லை, நற்சான்றிதழாக நினைத்தேன்.

ஜனவரி கடைசி வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். கோவையில் நடக்கும் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து நால்வர் அணி. மூவர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு நாங்கள் இருவரும் ஒரே ஓர் ஆட்டம் ஆடவேண்டும். பள்ளியில் கேரம் அணியில்கூட நான் இருந்ததில்லை. ஐம்பத்தாறு வயதில் ஓர் அணியின் சட்டையைப் போட்டுக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

பிப்ரவரி, மூன்றாம் சனிக்கிழமை. முதல் குழியில் என் பந்து இரண்டடியில் நின்றது. காத்திருந்தேன். அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்?"

"போடுங்க சார்."

மட்டையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. நான்காவதிலும் ஏழாவதிலும் அதே கதை. மிச்சமிருக்கும் ஒன்பதாவதை வென்றாலும் எட்டிப்பிடிக்க முடியாது என்பதால் எட்டாவதிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

என் பையைத் தூக்கிவரும் கேடி, பக்கத்துக் கிராமத்துக்காரர், மட்டைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னா சார், இத்தினியூண்டு தூரம். அவரு வேற யாருக்கும் ஒரு ஜாண்கூட வுடமாட்டாரு. ஞாயித்துக்கெழம அவரு கூட ஆடறாங்களே, அவங்கள கேளு. போடு போடும்பாரு. உனுக்குத்தான் வாரி வாரி குடுத்துகினு இருந்தாரு."

அவர் ஞாயிற்றுக்கிழமையும் ஆடுகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஞாயிறு என்றால் மாமனார் வீடு என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ சந்தோசமா எடுத்துகினு கீற. நான் இன்னாத்த சொல்றது?"

திரும்பி வருவதற்கும் அவர் கார்தான். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது அவரே பேச்சை எடுத்தார்.

"டிபன் சாப்பிட்டுப் போலாமா சார்?"

"வேணாம்."

"அந்த ஏழாவது... குடுத்திருக்கலாம்தான்."

"ஏன் குடுக்கல?"

"மேட்ச் சார் அது."

"இத்தனை நாள் குடுத்தீங்களே."

"அதெல்லாம் ஜாலிக்கு ஆடறது. அதை இதோட சேர்த்துப் பாத்தா எப்படி?"

அதில் ஒரு தவறும் சொல்ல முடியவில்லை. விதியும் அவர் பக்கம்தான். இறங்கும்போது வழக்கம்போல நன்றி சொன்னேன். அந்த நன்றிதான் இன்றுவரை உறுத்துகிறது.

அன்று மதியமே குறிப்பேட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்டோபருக்கு முன்னால், மூன்றடிக்குள் வந்த பந்துகளுக்கு எதிரே 'போட்டேன்' அல்லது 'தவறியது' என்றிருக்கிறது. அதன் பிறகு மழையில் ஆடாத வாரங்களையும் பொங்கலையும் கழித்தால் பதினோரு சனிக்கிழமைகள். அவற்றில் 'போட்டேன்' என்பது ஓர் இடத்திலும் இல்லை. குழியருகே பந்தைக் கொண்டுபோய் நிறுத்தத்தான் நான் கற்றிருக்கிறேன். உள்ளே தள்ள எனக்கு இருந்த கொஞ்சம் பழக்கமும் அந்தப் பதினோரு வாரத்தில் போய்விட்டது. கூடத்துத் தரையில் குழி கிடையாது.

ஒன்றே ஒன்று பாக்கி. நான்காவது இடத்துக்கு எங்கள் இருவரை மோதவிடுவது என்று தீர்மானித்த ஆட்டக் குழுவில் அவரும் உறுப்பினர். அந்தக் கூட்டம் செப்டம்பரிலேயே நடந்துவிட்டது என்கிறார் ஒருவர். இல்லை, டிசம்பரில்தான் என்கிறார் இன்னொருவர். அவர் எனக்குக் கொடுக்கத் தொடங்கியது அக்டோபரில். செப்டம்பர் என்றால் எனக்கு ஒரு நண்பர் இருந்ததே இல்லை. டிசம்பர் என்றால் நான் அவருக்குப் பெரிய அநியாயம் செய்துகொண்டிருக்கிறேன். கூட்டக் குறிப்புகள் கிளப் அலுவலகத்தில் இருக்கின்றன, உறுப்பினர் கேட்டால் காட்டுவார்கள். நான் இன்னும் கேட்கவில்லை. கூட்டம் நடந்த மாதம், இதை எழுதும் நாள்வரை, சரிபார்க்கப்படவில்லை.