சுடாத மணல்

இரண்டு உள்ளங்காலிலும் தணலைக் கட்டிவிட்ட மாதிரி எரிவு. இறக்கக்கண்டியில் கருவாடு காயப்போட்டு விற்கிறவள் நான். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எனக்குப் பல வருடமாக உண்டு. அது நரம்பைப் பிடித்துவிட்டது என்று திருகோணமலை கிளினிக்கில் சொன்னார்கள். போர்வை நுனி காலில் பட்டாலும் உயிர் போனது. நிற்க முடியாமல் போனதும் தொழிலும் நின்றது.

நோவைவிட மனம் கெட்டுப்போனதுதான் பெரிய துன்பம். காரணமில்லாமல் அழுகை வரும். அழுகை நின்றால் கோபம் வரும். கடலுக்குப் போய்க் களைத்து வருகிற என் கணவர் தேவராசா முன்னால் சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அவர் குனிந்து குசினியில் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளுவார். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் எத்தனையோ தரம் கேட்டேன். சபையில் யாருக்கும் சொல்லவில்லை. விசுவாசம் இல்லாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்ற வெட்கம்.

சபையில் என் பக்கத்தில் இருக்கிற செல்விதான் என் நடையைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். சிறுகுறிஞ்சாவும் வல்லாரையும் பிடுங்கி வந்து தந்தாள்.

"இடிச்சுச் சாறு எடுத்துக் குடியுங்கோ அக்கா. சீனிக்கும் நரம்புக்கும் நல்லம், மனசுக்கும் நல்லம் எண்டு சொல்லுவினம். ஆனா கிளினிக்கில தந்த குளிசையை விட்டுடாதேங்கோ."

குளிசையை விடவில்லை. சாற்றின் கசப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு கடி பனங்கட்டி.

"சீனிக்கு மருந்து குடிச்சுப்போட்டு இனிப்பைக் கடிக்கிறீர்" என்றார் என் கணவர்.

"பனங்கட்டி சீனியில்லை" என்றேன். என் வாய்க்கு முன்னால் அவர் எப்போது வென்றார்?

சாறு குடித்த ஒவ்வொரு தரமும், "ஆண்டவரே, இந்த எரிவை எடுத்துப்போடும்" என்று ஜெபித்தேன். மாரி மழை முடியும்போது எரிவு குறைந்தது. பிறகு இல்லாமலே போனது. ஞாயிறு ஆராதனையில் எழும்பி நின்று, ஆண்டவர் சுகம் தந்தார் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். நோ போனபிறகு கிளினிக் எதற்கு என்று அங்கே போவதையும் விட்டேன்.

பங்குனியில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசலில் கழற்றிய செருப்பெல்லாம் வெயிலில் கிடந்தது. பெரியவர் சிறியவர் எல்லாரும் செருப்பை எடுக்க மணலில் துள்ளித் துள்ளி ஓடினார்கள். நான் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்களுக்குச் சுடேல்லையோ?" என்றாள் செல்வி.

"என்ன சுடுறது?"

அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். வெறும் கால். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்.

கிளினிக்கில் டொக்டர் அம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நைலோன் நூலால் பாதத்தில் தொடுவேன், படும்போது சொல்லுங்கோ என்றார். காத்துக்கொண்டிருந்தேன்.

"எப்ப தொடங்குவீங்கள் டொக்டர்?"

"முடிஞ்சுது அம்மா."

கண்ணைத் திறந்தேன். அவர் நூலைக் கையில் வைத்தபடி இருந்தார்.

"நோ போனது சுகமானதால இல்லை அம்மா. கால் விறைச்சுப் போச்சு. இனிக் காயம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கவனிக்காட்டில் காலையே எடுக்க வேண்டி வரும்."

சீனி ஏறியிருந்தது. சாற்றையும் பனங்கட்டியையும் பற்றிச் சொன்னேன். சாறு எந்தளவுக்கு உதவும் என்று தன்னால் சொல்ல ஏலாது, குடிப்பதென்றால் மறைக்காமல் சொல்லுங்கோ, பனங்கட்டியை இண்டைக்கே விடுங்கோ என்றார். பிறகு, "மனம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அந்தக் கதிரையில் இருந்தே அழுது தீர்த்தேன். இந்த வருத்தத்தோடு மனச்சோர்வும் வரும், அதற்கும் மருந்து உண்டு என்று சொல்லி எழுதித் தந்தார்.

ஆனாலும் அதன்பிறகு வந்த நாட்கள்தான் மிகவும் இருண்டவை. பட்ட காலிலே படும் என்பார்கள். எனக்குப் பட்டதே தெரியவில்லை. விறைத்த காலை வைத்துக்கொண்டு ஆண்டவரின் வீட்டில் சாட்சி சொல்லிவிட்டேனே. அவர் என்னைக் கேலி பண்ணினாரா? சபைக்குப் போவதை நிறுத்தினேன். ஜெபிக்க வாய் வரவில்லை.

பின்னேரங்களில் என் கணவர் என் பாதத்தை மடியில் வைத்து, காயம் இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்ப்பார். அவர் கை படுவதுகூட எனக்குத் தெரியாது. ஒருநாள் அவருடைய குனிந்த தலையைப் பார்த்தபடி மனதுக்குள் கேட்டேன்: "ஆண்டவரே, அந்த நோவைத் திருப்பித் தாரும்."

மாதங்கள் போயின. பதில் இல்லை. குளிசையை ஒழுங்காக எடுத்தேன். என் கணவர் வற்புறுத்தியதால் சபைக்கும் போனேன். ஒரு ஞாயிறு அவரோடு வீட்டுக்கு நடக்கும்போது சுடுமணல் செருப்புக்குள் புகுந்தது. இடது காலில் சுருக்கென்றது.

"சுடுது" என்றேன்.

அவர் அந்த இடத்திலேயே முழங்காலிட்டுச் செருப்பைக் கழற்றப் பார்த்தார்.

"மணலைக் கொட்டாதேங்கோ. கொஞ்சம் இருக்கட்டும்."

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்து அழுதார். நானும் அழுதேன்.

வலது காலுக்கு இன்னும் உணர்வு வரவில்லை. வராமலும் போகலாம். சில நாள் மனம் இருண்டுதான் கிடக்கிறது. இப்போது கோப்பையை எறிவதில்லை. இருட்டு வந்தால் என் கணவரிடம் சொல்கிறேன். பிரியமானவர்களே, உங்களில் யாராவது என்னைப் போல வெட்கத்தில் மறைத்து வைத்திருந்தால், ஆண்டவரிடம் சொல்லுங்கள், கிளினிக்கிலும் சொல்லுங்கள். ஆண்டவர் கேட்கிறார். நாம் நினைத்த மாதிரித்தான் பதில் தருவார் என்றில்லை.

இதை எழுதும்போது என் இடது கால் எரிகிறது. ஆண்டவருக்கு நன்றி.