மூன்று ட்யூப், மூன்று ஸ்க்ரூ

என் நாத்தனாரை அவள் வேலை பார்க்கும் பெண்கள் விடுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூடி அக்கா என்றால்தான் தெரியும். அறுபத்து நான்கு அறைகள், அத்தனைக்கும் குளியலறைகள். எங்கே ஒழுகினாலும், எந்த ஜன்னல் கண்ணாடி ஆடினாலும் கூப்பிடு மூடி அக்காவை. வேலை முடிந்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி "மூடி எங்கே?" என்பதுதான். பசை ட்யூபின் மூடியோ பெயிண்ட் டப்பாவின் மூடியோ கிடைக்காமல் இடத்தை விட்டு அசைய மாட்டாள். கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடுவாள். ஒரு தடவை ஒரு கல்லூரிப் பெண்ணின் ஷூவுக்குள்ளிருந்து எடுத்தாளாம்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. என்னை விட மூன்று வயது இளையவள். பதினோரு வருடங்களுக்கு முன்னால் புருஷன் வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு துணிப்பையும் இரண்டு அட்டைப்பெட்டிகளுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பையில் நான்கு செட் துணி. பெட்டிகளில் என்ன என்று ஆவலாகப் பிரித்துப் பார்த்தேன். விரிசல் அடைக்கிற சிலிக்கான் பசை, பாதி தீர்ந்த ட்யூப்கள், பாதி தீர்ந்த ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாக்கள். அன்றைக்கே முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். நொந்து போய் வந்தவளாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். அப்புறம் வட்டியும் முதலுமாகச் சுளித்தேன் என்பது வேறு கதை.

அவளுடைய வித்தையை நான் கேட்காமலே கற்றுக்கொண்டேன், ஒரே வீட்டில் இருந்தால் வேறு வழி? சிலிக்கான் காற்றுப் பட்டால் இறுகிவிடும். வேலை முடிந்ததும் எல்லோரும் ட்யூபை அப்படியே மூலையில் சாத்துவார்கள், அடுத்த மாதம் எடுத்தால் மூக்கு அடைத்துக் கல்லாகக் கிடக்கும், தூக்கிப் போடுவார்கள். இவள் ட்யூபை லேசாக அமுக்கி, வாய் வரைக்கும் நிரப்பி, நடுவில் ஒரு நீள ஸ்க்ரூவைத் திருகிவிடுவாள். மேலே டேப் சுற்றுவாள். அடுத்த தடவை ஸ்க்ரூவை இழுத்தால் முனையில் இறுகிய துண்டு அதோடு சேர்ந்து வந்துவிடும், பின்னால் இருப்பது வெண்ணெய் மாதிரி வழியும்.

ஸ்ப்ரே டப்பாவுக்கு வேறு சிகிச்சை. அடித்து முடித்ததும் தலைகீழாகப் பிடித்து, நிறம் நின்று வெறும் காற்று வரும்வரை அழுத்த வேண்டும். பிறகு முனையைத் துடைத்து மூடி போட வேண்டும். மீறி அடைத்துக்கொண்டால் முனையை மட்டும் கழற்றிப் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் ஊறப்போட வேண்டுமே தவிர, டப்பாவில் இருக்கும்போது ஊசியால் குத்தவே கூடாது. இதைப் படித்துப் படித்துச் சொல்லியும் என் வீட்டுக்காரர் ஒரு நாள் குத்தினார். ஒரு வாரம் பச்சை மூக்கோடு அலுவலகம் போய் வந்தார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் அவளுக்கும் தகராறு. அடுப்பிருக்கும் இடத்தில் டப்பா கூடாது. வெயில் விழும் பால்கனியில் கூடாது. ஈரம் இருக்கும் குளியலறையில் கூடாது. வீடு முழுக்க உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்து, கூடத்தின் வடக்குச் சுவர்தான் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அங்கே என் புத்தக அலமாரி இருந்தது. இப்போது கீழ் இரண்டு தட்டுகளில் ட்யூப்கள், அதற்கு மேல் தட்டில் டப்பாக்கள், உச்சாணித் தட்டில் நான் ஸ்டூல் போட்டு ஏறினால் கைக்கு எட்டுகிற மாதிரி என் புத்தகங்கள். இது வீடா ஹார்ட்வேர் கடையா என்று மாதம் ஒரு முறையாவது கத்துவேன். அவள் சிரித்துக்கொண்டே, யாராவது புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தரச் சொல்லுங்கள் அண்ணி, பசை பாட்டிலோடு போட்டு வைக்க வேண்டும் என்பாள்.

ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் வெள்ளை டேப் சுற்றி, திறந்த தேதியையும் எந்த அறைக்காகத் திறந்தாள் என்பதையும் மணிமணியான எழுத்தில் எழுதியிருப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. மற்றவர்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்வது போல, இது ஒரு வருஷம் ஆச்சு, இது ஒன்றரை வருஷம் ஆச்சு, இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லித் தடவிப் பார்ப்பாள்.

இந்த வருடம் மழை தொடங்கியபோது விடுதியில் அவளுக்குத் தனி அறை தருவதாகச் சொன்னார்கள். கீழ்த்தளத்தில், ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில். அங்கேயே தங்கிவிட்டால் நிர்வாகத்துக்கும் வசதி. அவள் இதைச் சாப்பிடும்போது போகிற போக்கில் சொன்னாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். போகாதே என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் பதினோரு வருடமாகத் திட்டிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று அப்படிச் சொன்னால் நன்றாகவா இருக்கும்? யாரும் ஒன்றும் சொல்லாததால் அவளும் பேச்சை விட்டுவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் குளியலறை மூலையில், சுவரும் தரையும் சேருகிற இடத்தில் விரிசல் விட்டது. அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அலமாரியிலேயே மிகப் பழைய ட்யூபை எடுத்து வந்தாள். திறந்து இரண்டு வருடம் மூன்று மாதம் ஆனது. எங்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தி ஸ்க்ரூவை இழுத்தாள். இறுகிய துண்டு முழுசாக வந்தது, பின்னாலேயே பளபளவென்று வெள்ளையாக வழிந்தது. சொன்னேனே என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நானும் மனசுக்குள் சபாஷ் போட்டேன், வெளியில் சொல்லவில்லை.

மறுநாள் தொட்டுப் பார்த்தாள், விரலில் ஒட்டியது. மழை ஈரம் என்றாள். மூன்று நாள் நாங்கள் மாடிக் குழாயடியில் வாளியோடு குளித்தோம். நான்காம் நாள் இன்னும் கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்தது, பாதகமில்லை என்று அவளே அனுமதி கொடுத்தாள். ஒரே நாளில் எல்லாம் பிய்ந்துகொண்டு வந்து, தண்ணீர் கீழ்வீட்டுக்குள் ஒழுகிவிட்டது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா கையில் ஒரு கட்டுச் சட்டையோடு மேலே ஏறி வந்தார். பன்னிரண்டு பள்ளிச் சீருடைகள், தைத்து, தேய்த்து, மாட்டி வைத்திருந்தது. அத்தனையிலும் பழுப்புக் கறை.

அந்த அம்மா கூட அதிகம் பேசவில்லை. பேசினவள் நான்தான். அவர் கீழே இறங்கினதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "உன் செத்த ட்யூபை எல்லாம் தூக்கிக்கிட்டுப் போய் அந்த ஹாஸ்டல் ரூம்லயே வெச்சுக்கோ. எங்களை விட்டுடு" என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எவ்வளவு பெரிய சொல் என்று தெரிந்தது. அவள் கீழே போய்ப் பன்னிரண்டு சட்டைகளையும் வாங்கி வந்து துவைத்து, தேய்த்து, மடித்துக் கீழே கொண்டு போய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வண்டி சொல்லியிருக்கிறேன் அண்ணி என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. நான் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். தேதி பார்ப்பதுதான் என் பிழைப்பு. வெள்ளிக்கிழமை குப்பைக் கூடையில் அந்த ட்யூப் கிடந்தது. அதன் டேப்பை ஏதோ கோபத்தில் உரித்தேன். அடியில், தகரத்தில் அழுத்திப் பதித்த கம்பெனித் தேதி. எட்டு மாதத்துக்கு முன்பே காலாவதி. ட்யூபைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அந்தத் தேதிக்குப் பிறகு அது வழியுமே தவிர இறுகாது. இவள் தான் திறந்த தேதியை எழுத, கம்பெனி எழுதின தேதியின் மேலேயே டேப்பைச் சுற்றியிருக்கிறாள். பதினோரு வருடமாக எல்லா ட்யூபிலும் அப்படித்தான். மற்றதெல்லாம் காலத்துக்குள் தீர்ந்துவிட்டதால் தப்பியது, இதை மட்டும் பெருமைக்காகவே தொடாமல் வைத்திருந்தாள்.

ஓடிப் போய்க் காட்டினேன். உன் கையில் தப்பில்லை, தேதியில்தான் தப்பு என்றேன். அவள் ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் இன்னும் சுருங்கியது. இத்தனை வருஷ வேலையில் இதைப் பார்க்கத் தெரியாமல் இருந்தது மட்டும் தப்பில்லையா என்றாள். மறுபடி பெட்டி கட்டப் போய்விட்டாள். ஆறுதல் சொல்லப் போய் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சின கதையாயிற்று.

சனிக்கிழமை மாலை ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஒரே மாதிரி மூன்று சிலிக்கான் ட்யூப் கேட்டேன், ஒவ்வொன்றின் அடியையும் கண்ணாடி போட்டுப் படித்த பிறகுதான் வாங்கினேன். கடைக்காரர் எத்தனை குளியலறை என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் கயிறு கட்டிய நான்கு பெட்டிகள், ஒரு துணிப்பை. வடக்குச் சுவர் அலமாரியில் கீழ்த்தட்டுகள் காலி, என் புத்தகங்களை அவளே இறக்கி அடுக்கி வைத்திருந்தாள். பத்தே முக்காலுக்கு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். மூன்று ட்யூபையும் மேஜை மேல் வைத்தேன். காய் நறுக்கும் கத்தியை எடுத்து மூன்றின் கழுத்தையும் வரிசையாகச் சீவினேன்.

"அண்ணி, என்ன பண்றீங்க? ஒரு வேலைக்கு ஒண்ணு போதுமே. மூணையும் எதுக்குத் திறந்தீங்க?"

"திறந்துட்டேன். எனக்கு மூடத் தெரியாது" என்றேன். "அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. கோபத்துல வாய விட்டுட்டேன். நீ இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியாது. போகாதே."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாய்களும் திறந்து கிடந்தன. வெள்ளையாக ஒரு சொட்டு மேஜை விரிப்பில் விழத் தயாராக நின்றது. அவள் கை தன்னையறியாமல் புடவையில் துடைத்துக்கொண்டது. கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஸ்க்ரூ எல்லாம் அடிப்பெட்டியில இருக்கு" என்றாள்.

இரண்டாவது ஹாரன் கேட்டது. அவள் எழுந்தாள். மேலே இருந்த மூன்று பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். நான்காவதன் கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். என் வீட்டுக்காரர் இன்னொரு செருப்பை மாட்டாமலே நொண்டியடித்துப் படியிறங்கி, வண்டியைத் திருப்பி அனுப்பப் போனார்.

அவள் மூன்று வாயிலும் மூன்று ஸ்க்ரூவைத் திருகினாள், டேப் சுற்றினாள். விரிப்பில் விழுந்திருந்த சொட்டைத் துடைத்தாள். கடைசியில் அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கம்பெனித் தேதியை உரக்கப் படித்தாள். வெள்ளை டேப்பை அதற்கு மேலே இரண்டு விரல் தள்ளி ஒட்டினாள். அன்றைய தேதியை எழுதி, எந்த அறை என்று எழுத வேண்டிய இடத்தில் 'வீடு' என்று எழுதினாள்.

"இன்னும் ஒரு வருஷம் நாலு மாசம் இருக்கு, அண்ணி. அதுக்குள்ள மூணும் தீராது. வீணாத்தான் போகும்."

போகட்டும் என்றேன். என் புத்தகங்களைத் திரும்ப உச்சாணித் தட்டில் ஏற்றுவதற்கு ஸ்டூலை நானே எடுத்து வந்து போட்டேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். விடுதி அறையில் இப்போது காவல்காரம்மா இருக்கிறார். அந்தக் கம்பெனித் தேதியை அலுவலகக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் மறுபடி ஹார்ட்வேர் கடைக்குப் போக வேண்டும்.